வலப்பக்கம் இழுத்த கை

சிட்டிபாபுவின் வண்டியை அவனைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது. இதை அவனே சொல்லுவான், கேட்காதவர்களிடமும் சொல்லுவான். முப்பத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப் அது. ஏதோ ஒரு தோட்டத் துரையிடம் இருந்து, நாலு கை மாறி, ஐம்பத்தெட்டில் இவனிடம் வந்து சேர்ந்தது. அவன் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் படியாளாக இருந்தவர். செவிலிமேட்டில் அவர்கள் தெருவில் சொந்தமாக மோட்டார் வண்டி வாங்கிய முதல் ஆள் சிட்டிபாபுதான். பதினாறு வருஷம் கழித்தும் முதல் ஆளும் அவன்தான், கடைசி ஆளும் அவன்தான். பெருமை இருக்காதா? இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வண்டிக்கு இரண்டு கெட்ட குணங்கள். ஸ்டீயரிங்கைக் கால் வட்டம் சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். பிரேக்கை மிதித்தால் நிற்பதற்கு முன்னால் இடப்பக்கம் இழுக்கும். அந்தக் காலத்துக் கம்பி பிரேக்; நாலு சக்கரத்தையும் அது ஒரே சமயத்தில் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் கால் பிரேக்குக்குப் போகும்போதே சிட்டிபாபுவின் கைகள் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வெட்டிவிடும். பதினாறு வருஷம் வெட்டியதில், கை தானாகச் செய்கிற காரியமாகிவிட்டது அது. தான் அப்படிச் செய்வதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் உட்காரும் அவன் மனைவி லில்லிக்கு மறக்க வழியில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவன் இடது முழங்கை எழும்பி அவள் விலாவில் ஒரு குத்து விடும்.

லில்லி கூரம் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் விற்பவள். அவளோடு வியாபாரம் செய்யும் எட்டுப் பெண்களும் கூடைகளோடு பின்னால் ஏறிக்கொள்வார்கள். பங்குனி மாதம் கூரம் ஏரிக்கரை வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. சிட்டிபாபு பிரேக்கை மிதித்தான், கையும் வழக்கம்போல் வெட்டியது. ஆனால் அன்றைக்கு வண்டி இழுத்த இழுப்புக்கு அந்த வெட்டு போதவில்லை. கரையிலிருந்து இறங்கி ஒரு கருவேல மரத்தில் மோதி நின்றது. உயிருக்கு ஆபத்தில்லை. அந்தப் பெண்களில் கங்கையம்மாளுக்கு முன்பல் இரண்டு போயிற்று. லில்லிக்கு மணிக்கட்டு முறிந்தது.

"அந்தப் பொம்பளைங்க உன்ன நம்பி ஏறல, என்ன நம்பி ஏறனாங்க," என்றாள் லில்லி, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "இனிமே நான் இதுல ஏற மாட்டேன். அவங்களையும் ஏறச் சொல்ல மாட்டேன். வண்டிக்கு எஃப்.சி. பார்க்கற நாள் வருதில்ல? அர்ஜுனன்கிட்ட வுட்டு ஒழுங்கா வேலை பாரு. பிரேக் இன்ஸ்பெக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா வெச்சிக்கோ. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு ரைஸ்மில் லாரிக்கு டிரைவரா போயிடு."

கங்கையம்மாள் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் அவள் வாயைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறவன் சிட்டிபாபு. வண்டியை அர்ஜுனன் ஷெட்டில் கொண்டுபோய் விட்டான்.

மெக்கானிக் அர்ஜுனன் அளந்து பேசுகிறவன். வேலையிலும் அவசரப்பட மாட்டான். இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டான். எங்கோ உடைத்துப் போட்டிருந்த ஜீப்பிலிருந்து நல்ல ஸ்டீயரிங் பாக்ஸ் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து பொருத்தினான். கம்பிகளையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு, நாலு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக் வைத்தான். பின்னால் பெண்கள் பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி, பக்கத்துக்கு ஒரு இண்டிகேட்டர் விளக்கு, முன் சீட்டில் இடுப்பைச் சுற்றிப் போடும் அகலமான பெல்ட். பெல்ட் மட்டும் தாம்பரத்தில் ஏலத்துக்கு வந்த ஏரோப்ளேன் சாமானாம். சிட்டிபாபு தினமும் ஷெட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஆபரேஷன் நடக்கும் அறை வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். பழைய ஸ்டீயரிங் பாக்ஸை வெளியே எடுத்தபோது அவனுக்குக் கோபம்கூட வந்தது. அந்த ஓட்டைப் பெட்டியைச் சமாளித்ததுதானே அவன் கெட்டிக்காரத்தனம்?

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் வண்டியை எடுத்தான். ரோட்டில் ஏறி, பழைய பழக்கத்தில் கால் வட்டம் சுற்றினான். வண்டி நேராக டீக்கடை பெஞ்சை நோக்கிப் பாய்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அது இப்ப நீ சொன்னவொடனே கேக்குதுபா," என்றான் அர்ஜுனன். "கொஞ்சமா சொல்லு."

இருட்டுவதற்குள் ஸ்டீயரிங் பழகிவிட்டது. காலியான ரோட்டில் மெதுவாகப் போய் மெதுவாக நிறுத்தி வந்ததில், பிரேக்கும் பழகிவிட்டதென்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை எஃப்.சி.க்காக ஊருக்கு வெளியே ஏரிக்கரை ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் சிடுசிடுப்பான ஆள், ஆனால் நியாயஸ்தர் என்று பேர். லில்லி டவுன் பஸ்ஸில் தனியாக வந்து, வரிசையைத் தாண்டி முன்னாலிருந்த புளியமரத்தடியில் நின்றாள். மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், டயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். "போப்பா. நான் சொல்றப்ப சட்டுனு நிறுத்தணும்."

நூறு கஜம் போனதும் டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "நிறுத்து."

சிட்டிபாபு மிதித்தான். வண்டி சட்டென்று வலப்பக்கம் திரும்பி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. இன்ஸ்பெக்டரின் தொப்பி கழன்று காலடியில் விழுந்தது.

அவர் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு இறங்கினார். "வலது பக்கம் இழுக்குது. முப்பத்தாறு வருஷத்து வண்டி, இதுக்கு இன்னொரு தேதி எல்லாம் குடுக்க மாட்டேன். ரோட்டுக்கு லாயக்கில்லன்னு எழுதிடறேன்."

பதினாறு வருஷம் இடப்பக்கம் இழுத்த சனியன் இப்போது வலப்பக்கம் இழுக்கிறதா? அர்ஜுனன் மோசம் பண்ணிவிட்டான் என்று சிட்டிபாபு மனதுக்குள் திட்டினான். நாளையிலிருந்து ரைஸ்மில் வாசலில் போய் நிற்க வேண்டும். தெருவில் வண்டி நிற்கும் இடம் வெறிச்சென்று கிடக்கும்.

அதற்குள் லில்லி மரத்தடியிலிருந்து வேகமாக வந்துவிட்டாள்.

"சார், வண்டி இழுக்கல. இவரு கை இழுக்குது."

"யாரும்மா நீ?"

"அவரு சம்சாரம். இத்தினி வருஷமா பக்கத்துல குந்திக்கினு குத்து வாங்கறவ நானு. வண்டி முன்ன லெஃப்ட்ல இழுக்கும், இவரு ரைட்ல வெட்டுவாரு. இப்பவும் வெட்டனாரு. முழங்கை மேல ஏறுச்சு, நான் அங்கிருந்தே பார்த்தேன் சார்."

வரிசையில் நின்ற டிரைவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சிட்டிபாபு தன் கைகளைப் பார்த்தான். காலில் பிரேக் அழுந்திய நொடியை ஒருமுறை நினைத்துப் பார்த்தான். ஆமாம், வெட்டியிருந்தான். வேறு யாராலும் ஓட்ட முடியாது என்று பதினாறு வருஷம் பீற்றிக்கொண்டவனுக்கு, இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டால் வண்டி போய்விடும்.

"தப்பு என் மேலதான் சார்," என்றான். "வண்டி மேல இல்ல."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா ரெண்டு கையையும் எடுத்துட்டு பிரேக் போடு. நேரா நின்னா ஒத்துக்கறேன். இருபது மைல் வேகத்துக்குக் குறையக் கூடாது. நான் இங்கிருந்தே பார்க்கறேன்ப்பா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

இடப்பக்கக் கதவு திறந்தது. லில்லி ஏறி உட்கார்ந்து, ஏரோப்ளேன் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீ எறங்கு லில்லி," என்றான் சிட்டிபாபு. "நீதான் ஏற மாட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன். வண்டிய எடு."

எடுத்தான். இடப்பக்கம் ஏரிக்குள் இறங்கும் சரிவு. வலப்பக்கம் வரிசையாக லாரிகள். இருபது மைல் தொட்டாயிற்று. கை ஸ்டீயரிங்கை விடமாட்டேன் என்றது. மூளை சொல்லிப் பார்த்தது, கை கேட்கவில்லை.

"கைய எடுயா," என்றாள் லில்லி. சத்தமாகச் சொல்லவில்லை.

எடுத்தான். போலீஸ்காரனிடம் மாட்டியவன்போல் இரண்டு கைகளையும் காதுவரை தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, காலை அழுத்தினான். டயர்கள் கிறீச்சிட்டன. முன்னால் ஒரு தள்ளு தள்ளியது. அப்புறம் சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தபோது ரோடு நேராக முன்னால் கிடந்தது. லில்லி தன் இடத்திலேயே இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நடந்து வந்து, குனிந்து, தார் ரோட்டில் டயர் தேய்ந்த இரண்டு கறுப்புக் கோடுகளையும் பார்த்தார். தறியில் பாவு இழுத்துக் கட்டியதுபோல் நேராக இருந்தன. நாலைந்து தப்படி பின்னால் போயும் பார்த்தார். பிறகு வண்டியின் மூக்கிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"வண்டிக்கு எழுதிட்டேன்," என்று ஜன்னல் வழியாக நீட்டினார். "உனக்கு இன்னும் எழுதல. ஒரு வாரம் ஆள் ஏத்தாம ஓட்டி, கைய சரி பண்ணிக்கோ."

"ஆகட்டும் சார்."

பதினாறு வருஷமாகச் சிட்டிபாபுவின் தோளில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து இறங்கியது. இத்தனை நாளும் தான் பிடித்திருந்ததால்தான் எல்லோரும் பிழைத்தோம் என்று நினைத்திருந்தான். பிடிக்காமலும் வண்டி நிற்கும் என்பது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கண்ணில் வந்ததை அவன் துடைக்கவும் இல்லை.

"நாளைக்குக் கூரத்துக்கு நான் மட்டும் வரேன்," என்றாள் லில்லி. "ஒரு வாரம் போவட்டும். கங்கையம்மாகிட்ட நானே சொல்றேன்."

அவன் தலையாட்டினான். வண்டியை எடுக்கலாமென்று கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுபோனான். விரல்கள் வெடவெடவென்று ஆடின, சாவியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. லில்லி அந்த இரண்டு கைகளையும் இழுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையும் வேர்த்து நனைந்திருந்தது.

பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். லில்லி அவன் கைகளை விடாமல் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினாள்.

"இருங்கபா," என்றாள். "அவரு கை ஆடறது நிக்கட்டும், போயிடறோம்."