முக்கால் மணி நேரம்

பெயிண்டருக்கு உட்கார்ந்தால் தூக்கம், சாய்ந்தால் குறட்டை. ஏணியில் நிற்கும்போது மட்டும்தான் அவன் விழித்திருப்பான் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அந்தத் தூக்கம்தான் அவன் குடும்பத்தில் மண்ணை அள்ளிப் போட்டது. போன வருடம் ஒரு மத்தியானம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தான். வீடு முழுக்கப் புகை. மகள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்ததைப் பக்கத்து வீட்டார் பார்த்ததால் தப்பித்தார்கள். அடுப்பின் திருகு பழுது என்று இவன் சாதித்தான். மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இன்றுதான் மகள் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். கூடவே காவலுக்கு மச்சினி. அவள் சரி என்றால் பிள்ளை இரவு தங்கலாம், இல்லையென்றால் இனி இந்தப் பேச்சே கூடாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

தோழி வீட்டில் சாப்பிட்ட, ஓவனில் சுட்ட ஆப்பிள் பேக் என்ற இனிப்பைப் பற்றி மகள் போனில் அளந்தபோது, இது என்ன பெரிய வித்தை, நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்திருந்தான். அத்தோடு விட்டானா? முந்தின இரவு ஒரு கடைக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையையும் ஒப்புக்கொண்டான். இரண்டாம் பூச்சு முடியும்போது விடிந்துவிட்டது. ஆப்பிளும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு, வீட்டைப் பெருக்கித் துடைத்து நிமிர்வதற்குள் அவர்களும் வந்துவிட்டார்கள். பொட்டுத் தூக்கம் இல்லை. இதை மச்சினியிடம் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா?

வெட்டி முடிக்கும் வரை பிரச்சினை இல்லை. தோலைச் சீவி, துண்டு போட்டு, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தட்டில் பரப்பினான். மைதாவையும் வெண்ணெயையும் மகள் விரலால் உதிர்த்து மேலே கொட்டினாள். மூக்கில் மாவோடு அவள் சிரித்ததைப் பார்த்து அவனுக்கு வயிறு குளிர்ந்தது. மச்சினி மட்டும் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள்.

ஓவனுக்குள் தட்டு போன பிறகுதான் கண்டம் ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் வேக வேண்டும். உட்கார்ந்தால் தொலைந்தான். நின்றான். துடைத்த மேடையையே மறுபடி துடைத்தான். குழாயைத் திறந்து முகம் கழுவினான். ரொம்பப் புழுக்கமா என்று மச்சினி கேட்டாள். ஆமாம் என்றான். ஓவனின் வெதுவெதுப்பு காலில் ஏறியது, வெண்ணெய் உருகும் வாசனை வேறு தாலாட்டியது. கொட்டாவியைப் பல்லைக் கடித்து விழுங்கியதில் கண்ணில் நீர் வந்தது.

நெற்றி அலமாரியில் மோதியபோதுதான் விழித்தான். எத்தனை நேரம் போயிற்றோ தெரியவில்லை. மச்சினி எழுந்து நின்றிருந்தாள்.

மகள் முந்திக்கொண்டாள். “அப்பா குனிஞ்சு ஓவனைப் பாத்தார் சித்தி. அதான் இடிச்சுக்கிட்டார்.”

கண் சிமிட்டாமல் சொன்னாள். அடுப்பின் திருகைப் பற்றி அவன் சொன்ன அதே கூசாத குரல்.

“இல்லம்மா. அப்பா தூங்கிட்டேன்.” மச்சினியின் பக்கம் திரும்பினான். “நேத்து ராத்திரி பூரா வேலை. அன்னைக்கும் தூங்கித்தான் போனேன். அடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. இதை நீ பாத்துக்கோ, என்னை நம்பாதே.”

மச்சினி அவன் கையிலிருந்த பிடிதுணியை வாங்கிக்கொண்டு, போய்ப் படுங்கள் என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தபடி கூடத்துப் பாயில் விழுந்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் தூங்கியும் போனான்.

விழித்தபோது வீடு இருட்டாக இருந்தது. பதறியடித்துச் சமையலறைக்கு ஓடினான். ஓவன் அணைந்திருந்தது. மேடையில் தட்டு, ஒரு மூலையில் மட்டும் அள்ளிய குழி. ஒருவரையும் காணோம். சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். “பாப்பா” என்று கூப்பிட்டான்.

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. மச்சினி.

“கத்தாதீங்க மாமா. அக்காகிட்ட பேசிட்டேன், நானும் இங்கதான் தங்கறேன். பாப்பா இப்பதான் தூங்கினா.”

பெயிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.