பொத்தான் அக்காவின் முகம்

நான் புகைப்படக்காரன். யாராவது என்னைக் கலைஞன் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் கால் தரையில் பாவாது. அகதிகள் தங்கியிருந்த கட்டடத்தில் பெண்களைப் படமெடுத்து, துணியில் அச்சடித்து, அதன்மேல் அவர்கள் கையாலேயே நூல்வேலை செய்ய வைக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது அப்படித்தான் மிதந்துகொண்டு போனேன்.

பொத்தான் அக்காவை ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்தேன். சொந்த ஊரில் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தவள். அதனால் அந்தப் பெயர். படத்தில் முகம் முழுக்க இருட்டு, ஓரத்தில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

"முகமே தெரியலையே தம்பி?"

"அதான்க்கா அழகு. இருட்டுதான் பேசும்."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், என் இருட்டின்மேல் மஞ்சள் நூலில் இரண்டு கண், ஒரு மூக்கு, பல் தெரியும் சிரிப்பு, கன்னத்தில் மச்சம்! பாவம், தெரியாமல் கெடுத்துவிட்டாள். சொன்னால் மனம் நோகும் என்று, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். இப்படி ஓர் உதவி செய்ய வாய்ப்புக் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன். அவருக்கு எப்படி இருந்திருக்குமோ.

அக்கா வந்தாள். துணியையும் மேசைமேல் கிடந்த நூல் துண்டுகளையும் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க வர்ற நர்ஸம்மா நாளைக்குக் காலையில என் பொண்ணு இருக்கற முகாமுக்குப் போறாங்க. அவகிட்ட இதைக் கொடுத்தனுப்பலாம்னு இருந்தேன்."

மகள் எல்லைக்கு அந்தப் பக்கத்து முகாமில் சித்தியோடு இருக்கிறாள். பிரிந்தபோது வயது மூன்று, இப்போது ஏழு. அங்கே போனுக்கு அனுமதி இல்லை. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்கத் தொடங்கிவிட்டாளாம்.

"காகிதப் படம் அனுப்பலாமேக்கா?" என்றேன்.

"ரெண்டு அனுப்பினேன். பக்கத்துல வச்சே தூங்கி, கசங்கி, முகம் அழிஞ்சு போச்சாம். நூலு அழியாது தம்பி. தடவிப் பாத்தாலே மூக்கு எங்க, மச்சம் எங்கன்னு தெரிஞ்சுடும்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதற்கும் நான் லாயக்கில்லை போலிருக்கிறது.

"மன்னிச்சிடுங்கக்கா. இப்பவே வேற படம் எடுக்கறேன்."

"இதுலயும் இருட்டு பேசுமா?"

"வாயைத் தொறக்காதுக்கா."

இத்தனை வருடம் நான் ஏளனம் செய்த பாஸ்போர்ட் படத்தை அன்று எடுத்தேன். நேர்ப் பார்வை, நல்ல வெளிச்சம், மச்சம். அச்சாகி வரும்போது மணி மூன்று. ஆறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து துணியைக் கைமாற்றிக் கைமாற்றித் தைத்தார்கள். கண் இரண்டும் அக்காவுக்கே. எனக்கு ஒரு காதைக் கொடுத்தார்கள்.

"காது கெட்டாலும் ஆளு அடையாளம் தெரியும்," என்றாள் ஒருத்தி.

என் காது, காதாக வரவில்லை. கோப்பையின் கைப்பிடியாக வந்தது. "பிரிச்சுடட்டுமாக்கா?" என்று கத்தரிக்கோலைத் தொட்டேன்.

"வேண்டாம்!" ஆறு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"இருக்கட்டும் தம்பி," என்றாள் அக்கா. என் கையிலிருந்த ஊசியை வாங்கி, நான் போடாமல் விட்ட முடிச்சைப் போட்டாள்.

நான்கு நாள் கழித்து நர்ஸம்மா திரும்பினார். குழந்தை வாங்கிக்கொண்டாளாம்; சித்தி கேட்டும் கையைவிட்டுத் தரவில்லையாம். அக்கா அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். காதைப் பற்றிக் குழந்தை ஏதாவது சொன்னாளா என்ற கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இறைவன் எனக்கும் கொஞ்சம் புத்தி கொடுக்கத் தொடங்கியிருந்தார்.