தூங்குகிற முள்

"மலை ஏத்திக் காட்டுங்க. தண்ணித் தொட்டிய ரொப்பி, அலமாரியில சாமான் வச்சு, முழு எடையோட. அப்புறம் கையெழுத்து போடறேன்."

முதலாளி என் பக்கம் நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது. வண்டியை வாங்க வந்திருந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். இந்த ஷெட்டின் எலக்ட்ரீஷியன் என் அப்பா. வாசலில் நின்ற அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன புத்திமதி மொத்தமே ஒன்றுதான். "எது வேணும்னாலும் கேளும்மா. மலை மட்டும் கேக்காத."

எங்கள் ஷெட்டில் பழைய பேருந்துகளை வீடாக மாற்றுகிறோம். இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் சமையல் மேடை, நடுவில் குளியலறை, பின்னால் கட்டில். முடிந்ததும் சமதரையில் ரயில்வே கேட் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வருவார்கள். அதுதான் சோதனை. வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினால்கூட இதைவிட அதிக நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள்.

மாற்றிய வண்டியை ஒரு இஞ்சினியர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு, அப்பா எட்டாவது, நான் மெக்கானிக்கல். ஷெட்டில் எனக்குப் பெயரே 'டிகிரி'தான். "டிகிரி, இங்க ஒரு கிறுக்கு கிறுக்கிட்டுப் போம்மா." எட்டு மாதத்தில் பதினொரு வண்டிக்குக் கிறுக்கியிருக்கிறேன்.

வண்டியைக் கொடுப்பதற்கு முதல் நாள் முதலாளி அப்பாவிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "முள்ளு தூங்கிருச்சா?" அப்பா, "தூங்கிருச்சு மொதலாளி" என்பார். டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் ஆடாமல் நிற்கிறது, இஞ்சின் பதமாக இருக்கிறது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நாலு வருஷம் வெப்பவியல் படித்த எருமை நான். நேற்று முன்தினம் காலையில் இந்த வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். இஞ்சினைக் கிளப்பக்கூட இல்லை. சூட்டு முள் விசுக்கென்று எழுந்து நடுவில் போய் நின்றது. இரண்டு நாளாகச் சும்மா கிடந்த இஞ்சினுக்கு எங்கிருந்து வந்தது சூடு?

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். இஞ்சினிலிருந்து வரும் வயரைக் கழற்றி, டேப் சுற்றி, ஓரமாகக் கட்டியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன ரெசிஸ்டர். இனி இஞ்சின் உறைந்தாலும் எரிந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். கியர் எண்ணெயின் சூட்டைக் காட்டுகிற முள்ளுக்கும் அதே கதி. ஈயம் வைத்திருந்த அழகைப் பார்த்தேன். மிளகு மாதிரி, ஒரே அளவில், வழியாமல். இந்த ஷெட்டில் ஈயம் வைக்கிற கை ஒன்றுதான். என் மார்க் ஷீட்டில் எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட கை.

முள்ளை ஏன் தூங்க வைக்க வேண்டும்? இந்த வண்டிக்கு இஞ்சின் பின்னால். ரேடியேட்டர் பக்கவாட்டில். அதற்குக் காற்று வர ஒரு வலை உண்டு. குளியலறைக்குப் பக்கத்தில் பெரிய அலமாரி வேண்டுமென்று அந்த வலையில் பாதிக்கு மேல் பலகை அடித்து மூடி, வெளியே அழகாகப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வண்டி ஆட்டோமேட்டிக். கியர் எண்ணெயும் அதே ரேடியேட்டரில்தான் ஆற வேண்டும். ஒரு கிணறு, ரெண்டு வீடு. கிணறு தூர்ந்தால் ரெண்டு வீடும் காயும். சமதரையில் தெரியாது. மேட்டில் முக்கி முக்கி ஏறும்போது கியர்பெட்டிக்குள் எண்ணெய் மோர் மாதிரி கடையப்படும். நூற்றிருபது டிகிரி தாண்டினால் எண்ணெய் கருகும், அது கசியாமல் காக்கும் சீல் விறைக்கும். ஒரு குழாய் பிய்த்துக்கொண்டால் கொதிக்கிற சைலன்சர் மேலேதான் கொட்டும், தீப்பிடிக்கும்.

அதற்கு நேர் மேலே கட்டில். வாங்க வந்த அம்மா நில அளவைக்காரர். இரண்டு வருஷம் மலைப்பக்கம் வேலை. பிள்ளைகளை விடுதியில் விட மனமில்லாமல் வீட்டையே கூட்டிக்கொண்டு போகிறார். கட்டில் பிள்ளைகளுக்கு. ஒன்றுக்கு ஏழு வயது, ஒன்றுக்கு நாலு.

முதலாளி சிரித்தார். "ஏம்மா டிகிரி, புது வண்டிய மலையில ஏத்தி இழுத்தடிச்சா கஸ்டமருக்குத்தானே நஷ்டம்?"

"நான் ஏறப் போறதே மலைதாங்க" என்றார் அளவைக்காரம்மா. "எனக்கும் பாக்கணும்."

முதலாளிக்கு வேறு வழியில்லை. "ஏத்துவோம். முள்ளு நடுவுல நின்னா மேலேயே கையெழுத்து போட்டுறணும், சரியா?"

"எந்த முள்ளு?" என்றேன். இஞ்சின் தண்ணீரில் ஒன்று, கியர் எண்ணெயில் ஒன்று என்று நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது சூடு அளக்கிற இரண்டு சென்சார் வைத்துவிட்டேன். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு நானே செய்த மீட்டர். ஒரே குறை, வயர் முன் இருக்கை வரை எட்டாது. பின்னால் கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். இதையும் முதலாளியிடம் சொன்னேன்.

முதலாளி ஒரு நொடி யோசித்தார். அப்புறம் முகம் தெளிந்தது. "உங்கப்பாவே படிக்கட்டும். அவரைவிட நம்பிக்கையான ஆளு உனக்கு யாரு?"

நான்தான் ஓட்டினேன். கனரக லைசென்ஸ் எடுத்தபோது "லாரி ஓட்டி எந்த மாப்பிள்ளைய ஏத்திட்டு வரப் போற?" என்று கேட்ட சித்தப்பாவை நினைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். முதலாளி என் பக்கத்தில். அவருக்குப் பின்னால் அளவைக்காரம்மா. கடைசியில், மெத்தை போடாத கட்டில் பலகையில், மடியில் மீட்டருடன் அப்பா.

முதல் வளைவில் குரல் வந்தது. "தண்ணி எண்பத்தெட்டு. கியர் தொண்ணூறு."

"பாத்தியா? அங்கயும் சரி, இங்கயும் சரி" என்று முதலாளி டேஷ்போர்டைத் தட்டினார். முள் நடுவில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வளைவுக்கு மேல் ஏற்றம் நிமிர்ந்தது. வண்டி இருபதுக்கு மேல் போக மறுத்தது. "தண்ணி தொண்ணூறு. கியர் தொண்ணூத்தஞ்சு." ஐந்தாம் வளைவு. "தண்ணி தொண்ணூத்தொண்ணு. கியர் தொண்ணூத்தெட்டு." இத்தனை ஏற்றத்துக்கு மூன்றே டிகிரியா? கியர் மாறும்போது நழுவி, தயங்கி, இடித்து விழுந்தது. கருகிய வாடை மெல்ல முன்னால் வந்தது. எண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அப்பா, சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"தொண்ணூத்தெட்டும்மா."

அந்த 'ம்மா' எனக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்துகொண்டு "ஒண்ணும் இல்லம்மா" என்பாரே, அந்த 'ம்மா'. என்னால் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து போக முடியாது. கண்ணாடியில் பார்த்தேன். அளவைக்காரம்மா எழுந்து, அலமாரியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். குனிந்தார். மீட்டரைப் படித்தார்.

"தண்ணி நூத்தி ஒன்பது. கியர் நூத்தி முப்பத்தொண்ணு" என்றார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமான குரல். "இவர் படிச்சதுக்கும் நான் படிக்கிறதுக்கும் முப்பத்து மூணு டிகிரி வித்தியாசம் வருதே."

முதலாளி வாயைத் திறந்தார். "இப்ப பேசாதீங்க" என்றேன். கெட்ட கோபத்தில் இருந்தேன். ஆனால் கோபத்தால் எண்ணெய் ஆறாது. லீவரை இழுத்து முதல் கியரில் பூட்டினேன். இஞ்சின் அலறியது, அலறட்டும். இஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் விசிறியும் வேகமாகச் சுற்றும், எண்ணெயைக் கடைவதும் குறையும். ஏசியை அணைத்தேன். வண்டிக்குள் சூடு ஊதும் ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன்.

"இந்த வெயில்ல ஹீட்டரா? பைத்தியமா உனக்கு?"

"இஞ்சின் சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கறோம் மொதலாளி. பங்கு போட்டா பாரம் குறையும். சன்னலத் திறந்துக்கோங்க."

அவர் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. "கியர் நூத்தி முப்பத்து நாலு" என்றார் பின்னாலிருந்து அளவைக்காரம்மா. "முப்பத்து நாலு." அப்புறம் நீண்ட இடைவெளி. "முப்பத்து மூணு." ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, அணைக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் விசிறி நின்று, இருக்கிற சூடெல்லாம் உள்ளேயே வேகும். கியர் எண்ணெய் நூற்றுப் பத்துக்கு இறங்க இருபது நிமிஷம் ஆனது. அப்பா கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்பது அந்த இருபது நிமிஷத்துக்குள் முடிவாகிவிட்டது.

திரும்பி வந்ததும் முதலாளி அதே தாளை மேஜையில் விரித்தார். ஆளுக்குத் துணிச்சல் ஜாஸ்தி. "மலையில சூடாகாம குளிருமா? அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டினா ஓடுதுல்ல? நீயே ஓட்டிக் காட்டிட்ட. போடு."

"வலைய அடைச்ச பலகைய எடுக்கணும். கியர் எண்ணெய்க்குத் தனி கூலர், தனி விசிறி. முள்ளு ரெண்டையும் எழுப்பணும்."

"அலமாரி போயிரும். அழகு போயிரும்."

"எனக்கு அலமாரி வேண்டாங்க" என்றார் அளவைக்காரம்மா. பிறகு என்னிடம் திரும்பினார். "முள்ள எழுப்பணும்னா என்ன?"

அப்பா அப்போதுதான் பேசினார். "கண்ணு, வேணாம்." குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது. "மேல நான் அப்படிச் சொன்னது உனக்காகத்தான். உன் வேலை போயிரக்கூடாதுன்னு. என்னை மாட்டி விட்றாத."

இந்த மனுஷன் ஒரு நாளும் எனக்குக் கெட்டது நினைத்ததில்லை. நல்லது நினைத்துத்தான் பன்னிரண்டு வண்டிக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முள்ள நடுவுல நிக்க வச்சு வயர மாத்தியிருக்கு" என்றேன், எல்லோருக்கும் கேட்க. "முதலாளி சொல்லி, எங்கப்பா செஞ்சு, பாக்காம நான் கையெழுத்து போட்டு. மூணு பேருக்கும் பங்கு உண்டு."

தாளை இழுத்தேன். 'சோதித்தேன், சரியாக உள்ளது' என்று அச்சடித்திருந்ததை அடித்தேன். கீழே எழுதினேன்: 'ஏற்றத்தில் தண்ணீர் 109, கியர் எண்ணெய் 134. காற்று வலை அடைப்பு. இரண்டு முள்ளும் பொய். ஓட்டத் தகுதி இல்லை.' அதற்குக் கீழே என் பெயர், பதிவு எண், முழுக் கையெழுத்து. எட்டு மாதத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். மற்றதெல்லாம் கிறுக்கல். கார்பன் பிரதியைக் கிழித்து அளவைக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் எண்களை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்து, மடிக்காமல் பைக்குள் வைத்தார்.

"மத்த பதினொரு பேருக்கும் இன்னிக்கே போன் போடுவேன்" என்றேன்.

"வெளிய போ" என்றார் முதலாளி. "உங்கப்பனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"அவருக்கு நீங்க சொல்லிக்கோங்க. எனக்கு நான் சொல்லியாச்சு."

அப்பா என் பின்னாலேயே நாலு எட்டு வந்தார். "வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்மா. இப்ப உள்ள வா."

"வீட்டுக்கு வர்றேன்ப்பா. சோறு ஒண்ணாத்தான் சாப்புடப் போறோம். இங்க வர மாட்டேன்."

அவர் அங்கேயே நின்றுவிட்டார். வருவாரா, உள்ளே போவாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்கள் போக ஓரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. தலை குனிந்துதான் போக வேண்டும். வண்டி வரும் பெரிய கதவு விரியத் திறந்திருந்தது. அதன் நடுவில் நடந்தேன். இரும்புத் தகடு ஏற்றிய லாரி ஒன்று முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனை அமுக்கினான். ஒதுங்க ஒரு ஆள் இடம் இருந்தது. ஒதுங்கவில்லை. மறுபடி அமுக்கினான், கையை எடுக்காமல். நான் பம்பர் இடிக்கிற தூரம் வரை போய் நின்று, அவனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் ஏதோ திட்டினான், கண்ணாடியில் பார்த்தான், இன்னொரு முறை என்னைப் பார்த்தான். பிறகு தகடெல்லாம் கலகலவென்று குலுங்க, லாரி மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.