தொப்பிக்காரர் இல்லாத தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புருஷன் ராஜினாமாக் கடிதத்தை மடித்து நீலச் சட்டைப் பையில் வைத்தான். "நாளைக்குக் காலையில போனதும் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனான். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பதினெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையை உதறிவிட்டு, மலையோரமாக ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நாலு மாடும் நாற்பது கோழியும் வைத்து நிம்மதியாக வாழப் போகிறானாம். மாட்டுக்கு எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்பதையே நாலு பேரிடம் விசாரிக்க வேண்டிய மனுஷன்! இருக்கிற வீட்டைக் காலி செய்ய வேண்டும், மகளைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். இதெல்லாம் அவன் கணக்கிலேயே இல்லை. கேட்டால், "தோட்டத்து அக்கா எப்படிச் சமாளிக்கிறாங்க? அவங்களும் டவுன்ல இருந்து போனவங்கதானே?" என்பான்.

தோட்டத்து அக்கா என்பவள் வீடியோவில் வருகிறவள். அவளும் அவள் வீட்டுக்காரரும் நகரத்து வேலையை விட்டுவிட்டுக் காட்டோரம் குடியேறியவர்கள். வாரம் ஒரு வீடியோ போடுவார்கள். மண்சட்டியில் பால் காயும், கோழி குஞ்சுகளோடு மேயும், அக்கா சிரித்தபடி முட்டை பொறுக்குவாள், பின்னால் ஒரு குருவி கூவிக்கொண்டே இருக்கும். லட்சம் பேர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அந்த லட்சத்தில் லிஃப்ட் மெக்கானிக்கும் ஒருவன்.

சரி, அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது யார்? வேறு யார், அவன் பெண்டாட்டிதான்! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பத்து மாதமாக அவள் செய்கிற வேலை இது. வீட்டு ஆளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சேனல்காரர்கள் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு நாள் அந்தச் சேனல் எப்படியோ கண்ணில் தட்டுப்பட்டு அவனே பார்க்க ஆரம்பித்தபோது அவளுக்கு உள்ளூரப் பெருமை பிடிபடவில்லை. வேலை முடிந்து வந்து, கிரீஸ் போகக் கை கழுவி, டீயோடு உட்கார்ந்து பார்ப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பார்ப்பாள். எங்கே அவன் புருவம் தளர்கிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்று மனதில் குறித்துக்கொள்வாள். மறுவாரம் கொட்டாவி வந்த மாதிரிக் காட்சி எதுவும் இருக்காது. அவள் வேலை மெருகேறிக்கொண்டே போனது. சேனல்காரர்கள், "உங்களுக்கு ஜனங்க மனசு அத்துபடிம்மா" என்று பாராட்டினார்கள்.

ஜனங்களாவது மனசாவது! ஒரே ஒரு மனசுதான்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நீலச் சட்டையை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சட்டையைக் கையில் எடுத்தும் விட்டாள். காகிதம் கரைந்துவிடும், சரி. ஆசை கரையுமா? இன்னொரு தாளில் எழுத அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சட்டையை ஆணியில் மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள், எதற்கு என்று மறந்து அணைத்தாள்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்."

"என்ன, கல்யாண வீடியோவா?"

"வாங்கன்னா வாங்களேன்."

கம்ப்யூட்டர் முன்னால் அவனை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோபப்படுவான் என்று பயந்திருந்தாள். அவனோ குழந்தை மாதிரி முகம் மலர்ந்து, "அட! அப்ப அக்கா நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்றான்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"நம்பர் இருக்கட்டும். நான் வெட்டிப் போட்டதை முதல்ல பாருங்க."

முட்டையில் ஆரம்பித்தாள். அக்கா கூட்டுக்குள் கைவிட்டு முட்டையை எடுத்துச் சிரிக்கிறாள். "வெளிச்சம் சரியில்ல" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். முட்டையைத் திரும்ப வைக்கிறாள், திரும்ப எடுக்கிறாள், திரும்பச் சிரிக்கிறாள். பதினொரு தடவை. கோழி ஓரமாக நின்று இந்தக் கூத்தைப் பார்க்கிறது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அந்தக் குருவிச் சத்தம்கூட அங்க கிடையாது. நான் வாங்கிப் போட்டது. உண்மையில பக்கத்துத் தோட்டத்து டீசல் மோட்டார்தான் நாள் பூரா கத்துது."

"மோட்டார் சத்தம் எனக்கு என்ன புதுசா?"

நோய் வந்து செத்த கோழிகளைக் குவித்து வைத்திருந்ததைக் காட்டினாள். "உயிர் இருக்கிற எடத்துல சாவும் இருக்கும்தான்" என்றான். அக்கா தீவனத் தொட்டி மேல் உட்கார்ந்து, வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு, "எனக்கு வீட்டுக்குப் போகணும், என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க" என்று அழுததைக் காட்டினாள். "சண்டை இல்லாத வீடு எங்க இருக்கு?" என்றான்.

அவள் கையிலிருந்த அஸ்திரமெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த துண்டுகளைத் தட்டினாள். எதைக் காட்டுகிறோம் என்று அவளே பார்க்கவில்லை.

"நிறுத்து" என்றான் அவன். "பின்னால போ. இன்னும் கொஞ்சம். ஆங், இங்க."

படத்தின் ஓரத்தில், பழைய தொப்பி போட்ட ஒருவர் பம்ப் குழிக்குள் தோள்வரை கைவிட்டுக் கவிழ்ந்து கிடந்தார். ஸ்பேனரை உள்ளே எதிலோ முட்டுக்கொடுத்து, உடம்பையே நெம்புகோலாக்கித் திருப்பினார். தண்ணீர் பீச்சியடித்தது. எழுந்து துணியில் கை துடைத்தார். "அண்ணே, கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல விழறீங்க" என்றது குரல். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பின்பக்கமாகவே நாலு எட்டு வைத்து, திரும்பிப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். எந்த எட்டில் தொட்டி வரும் என்று அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் அக்கா வந்து குழாயைத் திறந்து, வந்த தண்ணீரைக் கையில் ஏந்திச் சிரித்தாள்.

"இது யாரு?"

"அங்க வேலை பாக்கிறவரு. பால் கறக்கிறது, சாணி அள்றது, வேலி கட்டுறது எல்லாம் அவருதான்."

"நான் ஒரு வீடியோவிலயும் பாத்ததில்லையே."

"வரக் கூடாதுன்னு சொன்னாங்க. நான்தான் எடுத்துடுவேன்."

"எத்தனை மாசமா?"

"பத்து."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு முழு ஆளையே அவள் மறைத்திருந்தாள். அவன் அந்தத் துண்டை நாலு தடவை ஓடவிட்டான். ஸ்பேனர் பிடித்த கையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். லிஃப்ட் குழிக்குள் அவன் கவிழ்ந்து கிடக்கும்போது, மேலே நிற்பவர்கள் 'லிஃப்ட் வந்துடுச்சா?' என்று கேட்பார்களே தவிர, 'நீ வந்துட்டியா?' என்று ஒருவர் கேட்டதில்லை. அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

"எதை வைக்கணும், எதை வெட்டணும்னு நீ எப்படி முடிவு பண்ணுவ?" மெதுவாகத்தான் கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உண்மை சொல்லும் வேகத்தில் இருந்ததால் வாய் முந்திக்கொண்டது.

"நீங்க சிரிக்கிற எடத்தை வச்சுக்குவேன்."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"நான் டீ குடிக்கையில பக்கத்துல உக்காந்திருப்பியே, அப்பல்லாம் என் மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தியா?"

அவன் எழுந்து வெளியே போனான். அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மகள், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனான். பையில் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. கொடுப்பானா, மாட்டானா? அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடுவில் வேலையும் இருந்தது. புது வீடியோவில், தெரிந்தே, தொப்பிக்காரரின் கையை மூன்று நொடி விட்டுவைத்தாள். முகம்கூட இல்லை, ஸ்பேனர் பிடித்த கை மட்டும். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது: 'வீடியோ பிரமாதம். அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்கம்மா.' கடிதத்தைக் கொடுத்திருந்தால் இனி இந்த வீட்டுக்கு அவள் சம்பாத்தியம் மட்டும்தானே? எடுத்துவிட்டாள். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அவன் வந்தான். கை கழுவினான். உள்ளறைக்கு வந்து, கடிதத்தை இரண்டாகக் கிழித்து அவள் கீபோர்டு மேல் வைத்தான்.

"குடுக்கல."

அப்பாடா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிழைத்தோம், வீடு பிழைத்தது என்று மனசு குதித்தது.

"இந்த வாரத்துது ரெடியா? போடு பாப்போம்" என்று நாற்காலியை இழுத்தான்.

போட்டாள். மண்சட்டியில் பால் காய்ந்தது. அக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர் தானாக வந்தது.

"பம்ப் சரி பண்ணின ஆளு எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டாங்க."

"எடுத்துட்டியா?"

"ம்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குருவி கூவியது. பழக்க தோஷம், எங்கே அவன் புருவம் தளர்கிறது என்று பார்க்கத் திரும்பினாள். நாற்காலி அவள் பக்கம் திரும்பியிருந்தது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வீடியோவைப் பாரு" என்றான். "இன்னிக்கு நான் பாக்கிறேன், நீ எங்க சிரிக்கிறன்னு."