குழி அத்தியாயம்

மரணத்தை வென்றவர்கள் இந்த உலகத்தில் இரண்டே வகையினர்: ஒன்று தெய்வம், மற்றொன்று எழுத்தாளன். இதைக் கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துச் சொன்னவர் காலபூபதி. சொன்ன இடம் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். கேட்டுக்கொண்டிருந்தவர், டயர் வெடித்து வண்டி தொப்பூர்ப் பக்கம் நடுரோட்டில் நிற்பதைச் சொல்ல வந்த டிரைவர் ஆண்டி. அவர் "ஆமாங்க" என்று ஒத்துக்கொண்டு, டயருக்கு என்ன வழி என்று கேட்டார்.

வழி செய்வதுதான் பூபதிக்கு உத்தியோகம். அந்த ஆபீஸின் மேனேஜர் அவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கால' என்பது பிறகு வந்தது. 'சாம்பல் நாச்சி' முதல் பாகம் அச்சேறியபோது வெறும் பூபதி என்றால் இருட்டு போதவில்லை என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

நாச்சிக்குப் பதினேழு வயது. செத்தவர்களை எழுப்புவாள். அவள் சாம்பலைத் தொட்டு நெற்றியில் இட்டால் சுடுகாடே எழுந்து நிற்கும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கான மாயக்கதை வரிசை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. மூன்று பாகம் வந்துவிட்டது. மூன்றும் அவர் கைக்காசு. ஒரு பதிப்பகம் தானாக வந்து, அதன் செலவில் தன் புத்தகத்தைப் போட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அது நடந்துவிட்டால் வேறு வரம் வேண்டாம்.

வாசகர் கருத்து என்றால் அவருக்கு உயிர். முதல் பாகத்துக்குக் கிடைத்த கருத்து, "நல்லா இருக்குதுங்க." கொங்கு நாட்டில் இதற்கு அர்த்தம் கிடையாது, பந்தியில் ரசம் பற்றியும் இதையேதான் சொல்வார்கள். மனைவி ரஞ்சிதா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். கதையில் செத்து எழுந்து வந்த மாமனார் அத்தனை பக்கம் பேசுகிறாரே, மூத்த மகனுக்குக் கிணற்றுப் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றாள். பூபதி அவளுக்கு அழகியல் பற்றி விளக்கினார். அவள் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் நாச்சி செத்த மயில்களைக் கூட்டம் கூட்டமாக ஒரு போருக்கு எழுப்பினாள். அதற்கு, சேலத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் சௌமியா என்ற பெண் இணையத்தில் எழுதியிருந்தாள்: 'பிணங்கள் எல்லாம் மேடைப் பேச்சு பேசுகின்றன. கேட்டால் மறுபடி செத்துவிடலாம் போல இருக்கிறது.' பூபதி அன்று மதியச் சோறு தொடவில்லை.

மூன்றாம் பாகம் வந்து ஒரு மாதத்தில் காற்று திரும்பியது.

முதலில் சௌமியாவே எழுதினாள்: 'குழி அத்தியாயம் படித்துவிட்டு எங்கள் வீட்டு மண்தரையைப் பார்க்கவே பயமாக இருந்தது.' அடுத்து ஒருவர், இதுவரை தமிழில் சாவை இவ்வளவு நிதானமாக யாரும் எழுதவில்லை என்றார். கல்லூரி விரிவுரையாளர் நந்தகுமார், எழுத்தாளர் அலங்காரத்தை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு நாச்சியைக் கட்டளையாக மட்டுமே பேசவைத்த துணிச்சலைப் பாராட்டி நீண்ட கட்டுரை போட்டார். அந்த அத்தியாயத்தில் இரண்டு இடத்தில் திடீரென்று கோழி வருவதையும் அவர் கவனித்திருந்தார். மயில் என்பது அதிகாரம், கோழி என்பது எளிய மக்கள் என்று விளக்கியிருந்தார். அதை முப்பது பேர் பகிர்ந்திருந்தார்கள்.

பூபதி மகிழ்ச்சியில் மிதந்தார். குழி அத்தியாயம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நாச்சி பெரிய குழியின் விளிம்பில் நின்று, 'ஓ, உறங்குவோரே!' என்று தொடங்கிப் பதினாறு பக்கம் பேசுவாள். தூய தமிழ். எழுதி முடித்தபோது அவர் கண்ணே கலங்கியது.

ஆனால் கருத்துகள் கூடக்கூட ஒரு சின்ன நெருடல் வந்தது. எல்லோரும் சுண்ணாம்பு பற்றிப் பேசினார்கள். 'அந்தச் சுண்ணாம்பு வரி', 'சுண்ணாம்பு தூவும் இடம்', 'சுண்ணாம்பு என்பது காலம்தானே சார்?' சுண்ணாம்பு எழுதியதாக அவருக்கு நினைவில்லை. அச்சான பிறகு தன் புத்தகத்தைத் தானே படிப்பதில்லை என்பது அவர் கொள்கை. பேட்டி எடுக்க யாராவது வந்தால் சொல்வதற்காக வைத்திருந்தார். இப்போது கொள்கையைத் தளர்த்தி, ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தன் பிரதியைப் புரட்டினார். 'ஓ, உறங்குவோரே!' இருந்தது. பதினாறு பக்கமும் இருந்தது. சுண்ணாம்பு எங்கும் இல்லை. கோழியும் இல்லை.

அவருக்கு ஒரே ஆச்சரியம். தான் எழுதாததை வாசகன் படித்துவிடுகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட எழுத்தாக இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. வீட்டில் சொல்லிப் பார்த்தார். எழுதும்போது கை தன்னுடையது அல்ல, நாச்சியே வந்து எழுதுகிறாள், சுண்ணாம்பை அவள் வரிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள் என்றார்.

"அந்த நாச்சிகிட்டயே ரெண்டு மூட்டை கேளுங்க. ஊட்டுக்கு வெள்ளையடிச்சு மூணு பொங்கல் ஆச்சு," என்றாள் ரஞ்சிதா.

அந்த வாரமே அந்த அழைப்பும் வந்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியராக இருக்கும் அக்சிலியா பேசினார். சொந்த ஊர் சேலம்தானாம். கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்தபோது, புத்தகக் கடையில் மூன்றாம் பாகம் கண்ணில் பட்டதாம். கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டு வந்த கையோடு குழி அத்தியாயத்தைப் படித்து நடுங்கிவிட்டாராம். மொத்த வரிசையையும் அவர்களே போட விரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு ரோடு பக்கம் அந்தக் கடை மாடியில் வாசகர் சந்திப்பு. அங்கே பூபதி தன் வாயால் அந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டும். பிறகு ஒப்பந்தம் பேசலாம்.

சுண்ணாம்பு எங்கே வருகிறது என்று கேட்பதற்குப் பூபதிக்கு நாக்கு எழவில்லை. எழுதினவனே கேட்டால் எப்படி? சுற்றி வளைத்துக் கேட்டார்: அந்த அத்தியாயத்தில் உங்களை எது கவர்ந்தது? அக்சிலியா கொஞ்சம் யோசித்து, "அஞ்ச வேண்டாம்னு ஒரு வரி வருதே சார், அதுதான்," என்றார். பூபதி தன் பிரதியில் அதையும் தேடினார். நாச்சி 'அஞ்சற்க' என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நந்தகுமார் வரவேற்றுப் பேசிக் கோழியைத் தொட்டுக் காட்டினார். அக்சிலியா முன்வரிசையில் இருந்தார். பூபதி கறுப்பு ஜிப்பாவில் எழுந்து, தன் பிரதியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு "ஓ, உறங்குவோரே!" என்று எடுத்தார்.

ஒரு பக்கம் போனது. யாரும் இருமக்கூட இல்லை. ஆனால் அது நடுக்கத்தில் வரும் அமைதி அல்ல, தாலுகா ஆபீஸில் காத்திருக்கும் அமைதி. அக்சிலியா கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். பூபதி குரலை இன்னும் உயர்த்தினார்.

மூன்றாம் வரிசையில் சௌமியா எழுந்து நின்றாள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இது இல்லீங்க சார். எங்க புக்குல வேற இருக்குதுங்க."

பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் புத்தகத்தைத் திறந்து ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் தன் பிரதியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தொண்ணூற்றாறாம் பக்கம் 'நாச்சி குழியின் விளிம்பில் நின்று வாய் திறந்தாள்' என்று முடிந்திருந்தது. பூபதி பக்கத்தைத் திருப்பி வாசித்தார்.

"குழியை நீர்நிலைகளிலிருந்து விலகி, மேட்டு நிலத்தில் தோண்டவும். இறந்தவற்றை எறியக் கூடாது. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பவும். ஒவ்வோர் அடுக்கின் மீதும் சுண்ணாம்பு தூவவும். மண் மூடியபின் மிதிக்க வேண்டாம். உள்ளே வாயு சேர்வதால் சில நாட்கள் மண் அசையும். அஞ்ச வேண்டாம். காலையில் மீதி இருப்பவற்றை எண்ணவும்."

யாரோ ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூபதிக்கே மயிர்க்கூச்செறிந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தார். யார் எழுதியது?

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கோ.ப. - 7' என்று இருந்தது. தன் பிரதியில் அதே இடத்தில் 'சா.நா. - 7'. பதினாறு பக்கம் கொண்ட ஒவ்வொரு தாளும் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது, எத்தனையாவது என்று மடிப்பவர்களுக்குத் தெரிவதற்காக அச்சகத்தில் போடும் குறி அது. சாம்பல் நாச்சியை நாமக்கல்லில் தனசேகர் அச்சகத்தில்தான் போட்டார். அதே மாதம், அதே அளவில், அதே தாளில் அங்கே ஓடிய இன்னொரு புத்தகம் 'கோழிப் பண்ணையாளர் கையேடு'. மடித்த கட்டுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்ததை அவரே அங்கே பார்த்திருந்தார். ஏழாவது கட்டு இடம் மாறிவிட்டது. ஆசிரியருக்கென்று முதலில் தைத்துக் கொடுத்த பிரதிகள் மட்டும் தப்பித்தன.

அவர் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அக்சிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத் தாள் அவர் மடியில் இருந்தது.

"முதல் பதிப்புல ரெண்டு வடிவம் வச்சிருக்கீங்களா சார்?" என்றார் அக்சிலியா. "முதல்ல வாசிச்சது பழைய வடிவமா? அதை வெட்டினது ரொம்ப நல்ல முடிவு. உண்மையைச் சொல்றேன், அது இருந்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

பூபதி அப்போது தன் வாழ்நாளில் அரிதான ஒரு காரியம் செய்தார். உண்மையைச் சொன்னார். "இத நான் எழுதலீங்க," என்றார்.

கைத்தட்டல் எழுந்தது. நந்தகுமார் எழுந்து நின்று தட்டினார்; படைப்பாளி தன் படைப்பிலிருந்து மறைந்துபோவதை இன்று கண்ணால் பார்த்துவிட்டோம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். சௌமியா மட்டும் தட்டாமல் பூபதியையே உற்றுப் பார்த்தாள். "அப்ப யாருங்க சார் எழுதுனது?" என்று அவள் கேட்டது கைத்தட்டலில் அமுங்கிவிட்டது. பூபதிக்குக் கேட்டது. ஒரு முறை சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று மனசாட்சியைச் சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நான்காம் பாகம் முழுக்கக் குழி அத்தியாயத்தின் நடையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நாமக்கல் பஸ் ஏறினார். தனசேகரிடம் சண்டை போடப் போகவில்லை. கையேட்டில் ஒரு பிரதி வேண்டும், மீதிப் பக்கங்களையும் படித்தாக வேண்டும். யோசிக்கும்போது அவருக்கு இன்னொரு ஆவலும் எழுந்தது. குழி இங்கே வந்ததென்றால் நாச்சி அங்கே போயிருப்பாள். மாவட்டம் முழுக்கப் பண்ணைக்காரர்கள் அவளைப் படித்திருப்பார்கள். எவ்வளவு பேர்! இத்தனை பெரிய வாசகர் வட்டம் அவருக்கு அமைந்ததே இல்லை. என்ன சொன்னார்கள்?

தனசேகர் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். கட்டு மாறியது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பண்ணைக்காரர்களிடமிருந்து கருத்து ஏதாவது வந்ததா என்று பூபதி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒருத்தரு போன் பண்ணுனாருங்க," என்றார் தனசேகர். "நடுவுல யாரோ ஒரு பொம்பள பொலம்பிக்கிட்டே இருக்குதுங்க, தீனிக் கணக்க எங்கன்னே காணமுங்கன்னாரு."

பூபதி கையேட்டைத் திறந்து பார்த்தார். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அடுத்து நூற்றுப் பதிமூன்றாம் பக்கம் இருந்தது. அந்தப் போனுக்குப் பிறகு, மீதிப் பிரதிகளில் எல்லாம் நாச்சி பேசும் அந்தப் பதினாறு பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் விற்றார்கள்.