எழுப்பக் கூடாது

அப்பாவின் கால் அசைந்ததா, இல்லையா? அந்த இடத்தில்தான் அவள் நினைவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. வேன் கதவைத் திறந்தபோது பெருவிரல் லேசாக மடங்கியது என்று ஒரு நாள் தோன்றும். அரங்கத்தில் ட்ரம் சோதித்த அதிர்வில் வண்டியே நடுங்கியது, கால் அதனோடு நடுங்கியது என்று இன்னொரு நாள் தோன்றும். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

கச்சேரிச் சுற்றுப்பயணத்தின் நடுவில் வந்த கல்லூரி ஊர் அது. அரங்கத்துக்கும் வேதியியல் கூடத்துக்கும் இடையிலிருந்த முட்டுச்சந்தில் அப்பா வேனைப் பின்பக்கமாகவே செலுத்தி நிறுத்தினார். பெட்டிகளை இறக்கியதும், வேனுக்குள் அவை இருந்த இடத்தில் பாயை விரித்தார்.

"நெஞ்சு எரியுது. கொஞ்சம் படுக்கறேன்."

"இடி வாசிக்கறதைக் கேட்டா யாருக்கும் எரியத்தான் செய்யும் மாமா," என்றான் கிட்டார் வாசிக்கும் அத்தை மகன். இடி என்பது ட்ரம்காரனின் பட்டப்பெயர்.

அப்பா சிரித்தார். காதுகளில் பஞ்சை அடைத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். ஒருமுறை யாரோ பாதித் தூக்கத்தில் எழுப்பி, அவர் ஓட்டியபோது வண்டி சாலையை விட்டு இறங்கியிருந்தது. "என்னை எழுப்பினீங்கன்னா எல்லாரும் நேரா மேல போய்த்தான் கச்சேரி பண்ணணும்" என்பார்.

அவள் மட்டும் போனாள். திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். மூன்று ஊர்களாகச் சொல்ல வாயெடுத்து விழுங்கியிருந்தாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், அவள் பாட வேண்டும் என்பதற்காக அந்த வேலையை விட்டு, இந்த வேனை வாங்கி, சீட்டுகளைத் தன் கையாலேயே கழற்றியவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

துண்டிடம் சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பாட வேணாம்ப்பா. உனக்காகத்தான் வந்துட்டு இருக்கேன். மூச்சு முட்டுது. என்னை விட்டுடு."

துண்டு அசைந்ததா என்று அவள் பார்க்கவில்லை. சொல்லிவிட்டோம், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து பெரிய நிம்மதியாக இருந்தது. கதவை ஓசைப்படாமல் மூடினாள்.

பிற்பகல் கச்சேரி நன்றாகவே போனது. மாணவர்கள் நாற்காலிகள் மேல் ஏறி நின்றார்கள். முடிந்ததும் குழுவினர் பெட்டிகளைச் சந்துக்குச் சுமந்து வந்து, அவர் எழட்டும் என்று சுவரோரம் நின்றார்கள். ரகசியக் குரலில் பேசினார்கள். இடி ட்ரம்மின் வெண்கலத் தட்டைக் கீழே வைக்கும்போது சத்தம் வந்துவிட, அத்தை மகன் முறைத்தான்.

"எவ்வளவு நேரம்டா நிக்கறது? மாமா இன்னிக்குக் கும்பகர்ணனுக்கே பாடம் எடுப்பாரு போல."

இருட்டத் தொடங்கியபோது அவள்தான் கதவைத் திறந்தாள். பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. கையை எடுக்கவில்லை.

"என்னக்கா?" என்றான் இடி.

ஆம்புலன்ஸ் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. மாணவர்களின் பைக்குகள் வாயை அடைத்துக்கொண்டு பூட்டிக் கிடந்தன. வேனை நகர்த்தவும் வழியில்லை. அவரைத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. மாணவர்கள் பைக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தினார்கள். சற்றுமுன் விசிலடித்தவர்கள், இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்கள்.

அதுவரை அவள் வேனுக்குள் அவர் அருகில் உட்கார்ந்திருந்தாள். துண்டை எடுத்து மடித்தாள். வலது காதில் பஞ்சு இருந்தது. இடது காதில் இல்லை. பாயில் தேடினாள். அவருடைய இடது கை மூடியிருந்தது. விரல்களை மெதுவாகப் பிரித்தாள். பஞ்சு உள்ளே இருந்தது.

அத்தை மகன் வாசலில் வந்து நின்றான்.

"மத்தியானம் மாமாகிட்ட பேசப் போனியே. ஏதாவது சொன்னாரா?"

அவள் அவர் விரல்களை இருந்தபடியே மூடி வைத்தாள்.

"தூங்கிட்டு இருந்தாரு."

அத்தை மகன் இப்போது பள்ளிக்கூடமொன்றில் இசை கற்பிக்கிறான். இடி கல்யாணம் செய்துகொண்டு மாமனாரின் மரக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேறு யாரோ சேர்ந்தார்கள். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதே வேன், புது ஆட்கள். இன்னும் ஊர் ஊராகப் பாடுகிறாள். மதிய வேளையில் யாராவது முகத்தை மூடிக்கொண்டு வேனில் தூங்கினால், துணியை விலக்கி எழுப்பிவிடுவாள். அவர்கள் திட்டுவார்கள். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள்.