இருபத்தொன்றாம் நாள், நாலு மணி

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். பதினெட்டு வருடம் கத்திக் கத்தியே தொண்டையில் சதை வளர்த்துக்கொண்டேன். மூன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு அதை வெட்டி எடுத்தார்கள். முழுசாக இருபத்தொரு நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுப்புகூட ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மீறினால் புண் பிளந்துகொள்ளும், அப்புறம் குரல் வருமா வராதா என்பதற்கு அவர் பொறுப்பில்லையாம். குரல் வராவிட்டால் என்ன, ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கலாமே என்று ஹெட்மாஸ்டர் ஆறுதல் வேறு சொன்னார். எனக்கு ஃபைலா? பற்றிக்கொண்டு வந்தது. திட்டக்கூட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு இது பொற்காலம். "உனக்கு இப்பதான் தொண்டை வலிக்குது. எனக்குப் பதினெட்டு வருஷமா காது வலிச்சுது" என்றார். தலையணையை எடுத்து வீசினேன். குறி தப்பவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி என் பிறந்தநாள். மெடிக்கல் லீவில் என்ன பிறந்தநாள் என்று அழுக்கு நைட்டியோடு கிடந்தவளை, மத்தியானம் மூன்று மணிக்கே எழுப்பி நல்ல புடவை கட்டச் சொன்னார். ஏன் என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். மனுஷன் மழுப்பினார்.

மூன்றரைக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால் என் வகுப்பு மொத்தமும் நிற்கிறது. இருபத்தாறு உருப்படிகள். சந்தைக்கடையே தேவலை என்று நான் தினமும் தலையில் அடித்துக்கொள்ளும் கூட்டம், வாயில் விரலை வைத்துக்கொண்டு பூனை நடை நடந்து உள்ளே வந்தது. 'ரேடியோ' என்று நான் பெயர் வைத்த பையன்கூட உதட்டில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். கேக்கை மேஜையில் வைத்தார்கள். எல்லோர் தலையிலும் கணக்கு நோட்டுத் தாளில் செய்த தொப்பி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவிகளா, இத்தனை நாள் எங்கேடா இருந்தீர்கள்!

வகுப்புத் தலைவி முன்னால் வந்தாள். 'கணக்குப்பிள்ளை' என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், அட்டெண்டன்ஸிலும் அப்படித்தான். எதையும் எண்ணாமல் விடமாட்டாள். கரும்பலகை ஓரத்தில் தினம் ஒரு கோடு போட்டு நாளை எண்ணி வந்தாளாம். இன்றோடு இருபத்தொன்று.

"நாலு மணிக்கு நீங்க பேசலாம் டீச்சர். முதல் வார்த்தையை நாங்கதான் கேக்கணும்" என்றாள்.

அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி டிபன் பாக்ஸில் போட்டிருந்தார்கள். 'வாயை மூடுங்க' என்று பத்தொன்பது பேர் எழுதியிருப்பதாகப் பின்னால் தெரிந்தது. என் வீட்டுக்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக நின்றார்.

எனக்குத் திக்கென்றது. மூன்றாம் தேதி மாலையிலிருந்து எண்ணினால் இருபத்தொரு நாள் நாளைக்குத்தான் முடிகிறது. ஆபரேஷன் நடந்த நாளையே ஒன்று என்று போட்டிருக்கிறாள். என் கணக்கு வகுப்புக்கே கணக்குத் தப்பிவிட்டது!

கடிகாரத்தில் நாலடிக்க ஐந்து நிமிடம். இருபத்தாறு முகமும் என் வாயையே பார்க்கின்றன. ஒரே ஒரு வார்த்தைதானே, என்ன குடியா முழுகிவிடும் என்று மனசு அரித்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஃபைல்கள் நினைவுக்கு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சிலேட்டில் விடையை எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் விடையைத் தூக்கிக் கையில் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முன்னால் நின்ற மூன்று பேரை இழுத்து வரிசையாக நிறுத்திக் கைகோக்க வைத்தேன். அவர்கள் தொப்பியில் மூன்று, நாலு, ஐந்து என்று தேதி எழுதினேன். ஒவ்வொரு தேதிக்கும் கீழே 'மாலை 4' என்று போட்டேன். பிறகு கோத்த கைகளைத் தொட்டுக் காட்டி, எத்தனை என்று விரலால் கேட்டேன்.

ஆள் மூன்று, கோத்த இடம் இரண்டு. ரேடியோ பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்துவிட்டு, "மூணு தேதி, ஆனா ரெண்டு நாள்தான் ஆகுது!" என்று கத்தினான். அடுத்த நொடி வரிசை நீண்டது. கூடம் போதாமல் படுக்கையறைக்குள் வளைந்தது. இருபத்துமூன்று வந்ததும் கோத்த கைகளை எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். இருபது.

நான் ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை, பாடம் நடந்துவிட்டது! குதிக்க வேண்டும்போல் இருந்தது. இனி எந்த ஃபைலும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

கணக்குப்பிள்ளை மட்டும் வெளுத்துப்போய் நின்றாள். "ஆபரேஷன் நாள் பூஜ்யம் டீச்சர். நான் ஒண்ணுன்னு போட்டுட்டேன். நீங்க பேசியிருந்தா..." என்றவள் முடிக்காமல் விசும்பினாள். கேக்கை வெட்டி முதல் துண்டை அவளுக்குத்தான் நீட்டினேன். வாங்கினாள், தின்னவில்லை.

மறுநாள் மூன்றரைக்கே மறுபடியும் படை வந்துவிட்டது. நேற்றைய தொப்பிகள் கசங்கியிருந்தன. நாலடிக்கப் பத்து நொடி இருக்கும்போது எல்லோரும் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்கள். குரல் வராமலே போனால்?

நாலடித்தது. சொல்ல ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. செருப்பு குவிந்து கிடந்த வாசற்படிக்கு வெளியே, கதவோரமாக முகத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தி நிற்பது தெரிந்தது.

"கணக்குப்பிள்ளை" என்றேன்.

கரகரப்பாக, பழையதைவிடக் கனமாக, ஆனால் என்னுடைய குரலாகவே வந்தது. கூடமே கூத்தாடியது. வீட்டுக்காரர் வீடியோ எடுக்க மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கதவோரத்தை விட்டு மெல்ல உள்ளே வந்தாள்.

"உள்ளேன் டீச்சர்" என்று உதடு மட்டும் அசைந்தது. இப்போது அவளுக்குத்தான் குரல் வரவில்லை.